இன்னா தெரியுது, சொல்லுங்க

மேடம் எதையும் தானாகச் சொல்ல மாட்டார். கேட்பார். கிளைடரின் முன்சீட்டில் நாம் இருப்போம், பின்சீட்டில் அவர். வின்ச் இழுத்து மேலே ஏற்றி, கேபிளைக் கழற்றிவிட்டபின் காற்றுச் சத்தம் மட்டும் மிச்சமிருக்கும். அப்போது பின்னாலிருந்து குரல் வரும்.

"இடது பக்கம் இன்னா தெரியுது, சொல்லுங்க சார்."

ஏரி என்றால், "தண்ணி எத்தினி கீது? பாதியா, முழுசா?" செங்கல் சூளை என்றால், "பொகை எந்தப் பக்கம் சாயுது?" பருந்து என்றால், "தனியா கீதா, கூட்டமா கீதா? ரெக்கைய அடிக்குதா, சும்மா விரிச்சு வெச்சுகினு கீதா?" கூண்டில் ஏறிய சாட்சியைக்கூட யாரும் இப்படிக் குடைந்திருக்க மாட்டார்கள்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. காரணம் போகப்போகப் புரியும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் கல்பாக்கத்தில் கதிர்வீச்சு சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். என் உத்தியோகமே சந்தேகப்படுவதுதான். வெளியே வருபவர் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் கையையும் காலையும் மெஷினில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். கண்ணுக்குத் தெரியாத தூசியைத் தேடித்தேடி அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. கீரைக்கட்டைப் பிரித்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பேன். "விசாரிச்சது போதும், கீரை வாடிப்போச்சு" என்பாள் என் மனைவி.

கிளைடர் என்பது இன்ஜின் இல்லாத விமானம். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று, இரண்டு சீட்டு உள்ளது. மதுராந்தகத்துக்குக் கிழக்கே, யுத்தகாலத்தில் போட்டு எல்லோரும் மறந்துபோன ஒரு சிமெண்ட் ஓடுதளம். அதன் ஒரு கோடியில் பழைய லாரி இன்ஜினில் செய்த வின்ச் நிற்கும். அது கேபிளைச் சுருட்டி இழுக்க, மறுகோடியிலிருந்து கிளைடர் பட்டம் மாதிரி ஏறும். அதன்பிறகு வெயிலில் சூடாகி எழும் காற்றைத் தேடிப் பிடித்தால் மேலேயே சுற்றலாம். கிடைக்காவிட்டால் பத்து நிமிஷத்தில் தரைக்கு வந்துவிட வேண்டும்.

கிளப்பில் இருந்தவர்கள் எல்லாம் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள். மரநிழலில் உட்கார்ந்தால் பறப்பதைப் பற்றிப் பேசியதைவிடச் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசியதே அதிகம். மேடம் ஒருத்தர்தான் நாற்பதுக்குக் கீழே. உள்ளூர்ப் பெண். அவருடைய தாத்தா பாட்டி காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். கல்லூரியில் மாணவர் படையில் சேர்ந்து கிளைடர் கற்று, பரீட்சை எழுதி, கற்றுக்கொடுக்கும் லைசென்ஸும் வாங்கியவர். எங்கள் கிளப்பில் அந்த லைசென்ஸ் வேறு யாரிடமும் கிடையாது. கிழவர்கள் ஒரு இளவயதுப் பெண்ணிடம் பாடம் கேட்டோம். இளைஞர்களை இழுக்க அடித்த பேனரில் அவர் படத்தைத்தான் போட்டோம், எங்கள் வழுக்கைகளைப் போட்டால் யார் வருவார்கள்?

இளைஞர்கள் வந்தே ஆகவேண்டிய நிலை. நிலம் அண்ணன் தம்பிகளுடையது. தம்பிகள் மனைக்கட்டு போட ஆள் பார்த்துவிட்டார்கள். பெரியவருக்கு மட்டும் விமானத்தின் மேல் ஒரு ஆசை. "உங்களுக்கு அப்புறம் இத்த யாரு ஓட்டறது? கோடைக்குள்ள ஒரு பத்து பசங்கள சேத்துக் காட்டுங்க, நான் தம்பிங்களுக்கு பதில் சொல்லிக்கறேன்" என்றார். அவ்வளவுதான் எங்கள் உயிர்.

பசங்கள் வரத்தான் வந்தார்கள். நாள் முழுக்க வெயிலில் கிளைடரைத் தள்ளி, கேபிளை இழுத்து, பத்து நிமிஷம் பறந்து, செல்ஃபி எடுத்துக்கொண்டு போனால் மறுவாரம் தலை காட்ட மாட்டார்கள். தங்கியவன் ஒருவன்தான். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை, வீட்டில் ட்ரோன் வைத்திருப்பவன். நல்ல கை. அவனும் ஒரு மத்தியானம் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"அங்கிள், அந்த மேடம் நம்மள நம்பவே மாட்டாங்க. சாக் எப்பிடி கீது, பசுமாடா எருமையா, லாரி நிக்குதா போவுதான்னு கேட்டுகினே கீறாங்க. ஒரே பேஜாரு. போலீஸ் ஸ்டேஷன்ல கூட இவ்ளோ கேக்க மாட்டாங்க."

சாக் என்பது காற்றின் திசை காட்டும் ஆரஞ்சு நிறத் துணிக்குழாய். ஓடுதளத்தின் ஓரத்தில் இரும்புக் கம்பத்தின் உச்சியில் படபடத்துக்கொண்டிருக்கும். காலையில் வந்ததும் மேடம் முதலில் போவது அந்தக் கம்பத்துக்குத்தான். உள்ளங்கையை அதில் வைத்துக் கொஞ்சம் நிற்பார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டோம். இறங்குவதற்கு முன்னால் அவர் கேட்கும் கடைசிக் கேள்வியும் அதுதான்: "சாக்கு எப்பிடி கீது, சொல்லுங்க."

பார்த்ததை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் தொற்றிவிட்டது. கிளப் செயலாளர் ஒரு ரிடையர்டு பேங்க்காரர். அவர் டீக்கடை வாசலில் நின்றுகூட "வலது பக்கம் பஸ் வருது" என்பார். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

ட்ரோன் பையன் போனபிறகு பேங்க்காரர்தான் பேச்சை எடுத்தார். "பசங்கள கொஞ்சம் தட்டிக் குடுத்துப் போகலாமே மேடம். இவ்வளவு கேள்வி கேட்டா, நம்பிக்கை இல்லைன்னு நெனச்சுக்கிறாங்க."

"கேள்வி கேக்காம இன்னாத்த கத்துக் குடுக்கறது சார்? நாளைக்கு தனியா போறவன் பாக்கணுமா வேணாமா?"

பேங்க்காரர் தலையை ஆட்டிவிட்டார். ஆனால் எனக்கு உள்ளே புகைய ஆரம்பித்துவிட்டது. தனியாகப் போகும் பேச்சை எடுத்தாரே, அதில் எனக்குச் சொந்தமாக ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒருவனைத் தனியாக அனுப்பலாம் என்று கற்றுக்கொடுப்பவர் தீர்மானிக்கும் நாள்தான் கிளைடர்காரனுக்குப் பெரிய நாள். கல்யாண நாளை மறந்தவன்கூட அதை மறக்க மாட்டான். நான் ஒவ்வொரு வாரமும் கேட்பேன். "இன்னும் ரெடியாவல சார்" என்பார். எங்கே தப்பு செய்கிறேன் என்று கேட்டால் அதற்கு மட்டும் பதில் வராது. எனக்கு வயதாகிவிட்டது என்று நினைக்கிறார், வாய்விட்டுச் சொல்லத்தான் தயக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் அவரும் நானும் கடப்பாக்கம் பக்கம் போய்விட்டோம். நடுப்பகலில் கடற்காற்று உள்ளே வந்தால் எங்கள் சூடான காற்றெல்லாம் செத்துப்போகும். அன்று சீக்கிரமே வந்துவிட்டது. ஓடுதளத்துக்குத் திரும்ப உயரம் போதாது. ஏதாவது வயலில் இறங்கவேண்டியதுதான்.

"கீழ இன்னா கீது?"

"அறுத்த வயல் மேடம்."

"ஈரமா, காஞ்சுதா? வரப்பு எந்தப் பக்கம் ஓடுது? கரண்ட் கம்பி போவுதா? கெணறு கீதா? ரோட்டுக்கு எத்தினி தூரம்?"

சொல்லச்சொல்ல, "அப்ப அதுலயே எறக்குங்க" என்றார். இறக்கினேன். ஊரே ஓடிவந்தது. "இன்னாமே, பெட்ரோல் பூட்ச்சா?" என்றார் ஒருவர். "இதுல பெட்ரோலே கெடையாது அண்ணாத்த" என்று மேடம் சிரித்தார். அந்த ஆள் அவரையும் கிளைடரையும் மாறிமாறிப் பார்த்தார், பிறகு தன் வீட்டிலிருந்து எங்களுக்கு நாஸ்தா கொண்டுவந்தார். கிளைடரிலிருந்து ரோட்டுக்கு வரும் வழியில் மேடம் ஒரு முழங்கால் உயர வரப்பில் தடுக்கி விழுந்தார். பட்டப்பகலில். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிணறு, கரண்ட் கம்பி, ரோட்டுக்கு எத்தனை தூரம் என்ற கேள்விகளில்தான் என் புத்தி நின்றது. அவை நிலத் தரகர் கேட்கும் கேள்விகள்.

அப்படித்தான் என் முதல் சந்தேகம் வளர்ந்தது. மனைக்கட்டுக்காரர்கள் இவரைக் கையில் போட்டுக்கொண்டுவிட்டார்கள். பசங்களைக் கேள்வி கேட்டே துரத்துகிறார். கிளப் காலியானால் கமிஷன். இதை நான் முழுசாக நம்பினேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நம்பாமலும் இல்லை.

வேடந்தாங்கலில் அது குழம்பியது. சீசன் நேரத்தில் ஒரு கல்லூரிக் கூட்டத்தை அங்கே அழைத்துப் போயிருந்தோம். பறவைகள் இறக்கையை அசைக்காமல் மேலே ஏறுவதைக் காட்டினால் பசங்களுக்கு ஆசை வரும் என்பது பேங்க்காரரின் யோசனை. கண்காணிப்புக் கோபுரத்தில் நின்று மேடம் கேட்க ஆரம்பித்தார்.

"அந்த கூழைக்கடாங்க எந்தப் பக்கம் சுத்துது, பாத்து சொல்லுங்க."

காதில் வயர் மாட்டிய ஒரு பெண் விளையாட்டாக, "வலது பக்கம் மேம்" என்றது. அவை இடதுபக்கம் சுற்றிக்கொண்டிருந்தன. நான் என் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"கரெக்ட். அது சுத்தற பக்கமேதான் நாமளும் சுத்தணும்" என்றார் மேடம்.

அந்தப் பெண் தோழியைப் பார்த்துக் கண்ணடித்தது. எருமையா பசுவா என்று குடைகிறவர் இதை எப்படி விட்டார்? பசங்களைப் பிடிக்க இவரும் ஜால்ரா போட ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் துரத்துகிறவர் எதற்கு ஜால்ரா போடவேண்டும்? கணக்கு உதைத்தது. எப்படியோ அந்தக் கூட்டத்துக்கு ஆசை வந்துவிட்டது. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் பதினைந்து பேர் பறக்க வருவதாக ஏற்பாடு. பெரியவரிடம் பேங்க்காரர் சொல்லிவிட்டும் வந்தார்.

அந்த ஞாயிறுக்கு முன் வாரம் நான் மீன் வாங்கப் புதுப்பட்டினம் போயிருந்தேன். பஸ் ஸ்டாப்பில் மேடம் நின்றிருந்தார். ஸ்கூட்டியை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பஸ் வந்து அவர் முகத்துக்கு எதிரே நின்றது. போர்டில் ஊர்ப் பெயர் கொட்டை எழுத்தில். அவர் பக்கத்தில் கூடை வைத்திருந்த மீன்கார அம்மாளைக் கேட்டார்: "யக்கா, இது எங்க போவுது?"

கூப்பிட வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். கையில் வஞ்சிர மீனோடு அங்கேயே நின்றேன். வரப்பு, கூழைக்கடா, எருமை, லாரி என்று வரிசையாக வந்தன. அவர் எங்களைச் சோதித்ததாக நாங்கள் நினைத்த கேள்வி ஒன்றுகூடச் சோதனை இல்லை. தெரியாததால் கேட்டிருக்கிறார்.

ஆனாலும் மெஷினில் வைக்காமல் யாரையும் குற்றம் சொல்ல என் உத்தியோகம் இடம் கொடுக்காது. இருப்பது ஒரே ஒரு கற்றுக்கொடுப்பவர். நான் வாயைத் திறந்தால் கிளப் முடிந்தது. திறக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பதினைந்து வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்த முன்சீட்டில் உட்காரும். அவர்களுக்குச் சூளைப் புகையும் தெரியாது, சாக்கும் தெரியாது. விளையாட்டாக வலது என்று சொல்லும் பெண்ணும் அதில் ஒருத்தி.

சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய்ச் சாக்கைக் கயிற்றில் இறக்கி ஷெட்டில் வைத்துப் பூட்டினேன். தையல் விட்டுவிட்டது என்று பேங்க்காரரிடம் சொன்னேன். மேடம் வந்தார். வழக்கம்போலக் கம்பத்தில் கை வைத்து நின்றார். பிறகு, "போலாமா சார்?" என்றார்.

ஏறினோம். ஏரி, ரோடு, சூளை எல்லாம் கேட்டார், எல்லாம் சொன்னேன். இறங்குவதற்காக ஓடுதளத்துக்கு இணையாக வரும்போது அவர் கேட்பதற்கு முன்னால் நான் கேட்டேன்.

"மேடம், சாக் எப்படி இருக்கு?"

என்றைக்கும் நான் கேட்டதில்லை.

"கெழக்கு காத்து சார். வாலு மேக்கால நல்லா நிமுந்து கீது."

கம்பம் மொட்டையாக நின்றது. ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். பயம்தான் வந்தது.

"கம்பத்துல சாக்கே இல்ல மேடம். நான்தான் கழட்டினேன்."

மேடம் சாதாரணமாகச் சொன்னார்: "சரி. எறக்குங்க."

"நீங்க புடிச்சுக்குங்க மேடம்."

"இத்தினி நாளா யாரு எறக்கினதுன்னு நெனச்சுகினு கீறீங்க?"

சூளைப் புகையைப் பார்த்துக்கொண்டே இறக்கினேன். என்றைக்கும்விட மெதுவாகத் தொட்டது தரையை. கண்ணாடி மூடியைத் திறந்துவிட்டு இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

"நடுவுல பொகை மாதிரி கீது சார். ஓரம் தெரியும். வானம், பூமி, நடுவுல கோடு, அது நல்லா தெரியும். மூஞ்சிதான் தெரியாது. போன கார்த்திகைலேந்து. டாக்டரு இனிமே கூடத்தான் செய்யும்னுட்டாரு. நான் நின்னா கிளப்பு நின்னுடும்னு உங்க கண்ண வெச்சு ஓட்டிகினு இருந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. என்னைக் கேட்காமல் என் கண்ணை எடுத்திருக்கிறார், கூடவே என் உயிரையும். ரெடியாகவில்லை, ரெடியாகவில்லை என்று சொன்னதெல்லாம், நான் தனியாகப் போய்விட்டால் அவருக்கு ஆள் இல்லை என்பதால். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார், நானும் தினம் அந்தச் சோற்றைச் சாப்பிட்டிருக்கிறேன். அத்தனை கோபத்துக்கு அடியில், வெட்கமில்லாமல், ஒரு சந்தோஷமும் இருந்தது. இத்தனை நாளாக இறக்கியது நான்தான்.

அவர் இறங்கி, பின்சீட்டுப் பெல்ட்டைத் தடவித்தடவி இறுக்கிக் கட்டினார். காலி சீட்டில் பெல்ட் ஆடக்கூடாது.

"போய் வாங்க. தனியா."

இறக்கை நுனியைப் பிடிக்க வந்த பேங்க்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. வின்ச் இழுத்தது. பின்னால் எடை இல்லாததால் கிளைடர் துள்ளி ஏறியது. கேபிளைக் கழற்றினேன். சத்தம் அடங்கியது. "இடது பக்கம் ஏரி. பாதித் தண்ணி. சூளைப் புகை மேற்க சாயுது. ரெண்டு பருந்து, இடது சுத்து" என்று சொல்லிக்கொண்டே போனேன். கேட்க ஆள் இல்லை என்று தெரிந்தும் என்னால் நிறுத்த முடியவில்லை.

இறங்கி வந்ததும் பேங்க்காரர் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். "நீங்க மேல இருந்த நேரம் பூரா, எங்க கீறாரு, இன்னா பண்றாரு, கிளைடர் மூக்கு மேல கீதா கீழ கீதான்னு என் கையப் புடிச்சுகிட்டுக் கேட்டுகிட்டே இருந்தாங்க சார். என்ன ஆச்சு அவங்களுக்கு?" அதற்கு நான் பதில் சொல்லும்படி ஆகவில்லை. மேடமே வந்து அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டார். பேங்க்காரர் மரத்தடி நாற்காலியில் உட்கார்ந்து, கல்லூரிக்குப் போன் போட்டு, பஸ் வேண்டாம் என்றார்.

வேறு கற்றுக்கொடுப்பவர் யாரும் கிடைக்கவில்லை. எங்களை மாதிரியே வேறு ஊர்க் கிளப்புகளும் ஆள் தேடிக்கொண்டிருந்தன. கோடை முடிவதற்குள் பெரியவர் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். இப்போது அங்கே வெள்ளையடித்த மனைக்கற்கள் வரிசையாக நிற்கின்றன. கிளைடரை வடக்கே யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். நான் தனியாகப் பறந்தது அந்த ஒரு தரம்தான்.

ஷெட்டைக் காலி செய்த நாளில்தான் எனக்கு அடுத்த சந்தேகம் வந்தது. சாக்கை எடுத்துப் போகுமுன் கடைசியாக ஒருதரம் ஏற்றிப் பார்த்தார் பேங்க்காரர். நான் சும்மா கம்பத்தில் கை வைத்தேன். மேலே துணி படபடப்பது இரும்பு வழியாக உள்ளங்கைக்கு வந்தது. எந்தத் திசைக் காற்று, எவ்வளவு பலம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

அந்தச் சனிக்கிழமையும் அவர் கம்பத்தில் கை வைத்தாரே. சாக் இல்லாத கம்பம் செத்த கட்டையாக அல்லவா இருந்திருக்கும்? காலையிலேயே தெரிந்திருந்தால், வேண்டுமென்றே என்னிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார். தானாக நிறுத்த மனசு வராமல், அந்தப் பிள்ளைகள் ஏறுவதற்கு முன்னால் என் வாயால் நிறுத்தவைத்திருக்கிறார். தெரியாமல் இருந்திருந்தால், மறுநாள் பதினைந்து பேரையும் ஒவ்வொருவராக ஏற்றியிருப்பார். இரண்டில் எது என்று தெரியாமல் எனக்கு அவரை மன்னிக்கவும் வரவில்லை, கும்பிடவும் வரவில்லை.

போன மாதம் அதே புதுப்பட்டினம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி, கையில் மடக்குக் கோல். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். வீடு, சர்க்கரை, பேங்க்காரர் என்று எல்லாம் விசாரித்தார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"மேடம், அன்னிக்குக் கம்பத்துல கை வச்சீங்களே. சாக் இல்லேன்னு அப்பவே தெரியுமா?"

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. சரியாக என் மேல் இல்லை, கொஞ்சம் தள்ளி.

"நீங்கதான் பாத்துகினு இருந்தீங்களே சார். உங்களுக்கு இன்னா தெரிஞ்சுது, சொல்லுங்க."

அதற்குள் ஒரு பஸ் வந்து நின்றது. "இது எங்க போவுது சார்?" என்றார். போர்டை மேலிருந்து கீழ்வரை படித்துச் சொன்னேன். என்னை ஒரு கேள்வியும் திருப்பிக் கேட்காமல் ஏறிக்கொண்டார்.